பாத்ரூம் சுவருக்கு பேனலா, டைல்ஸா? முதல்ல சுவர்ல ஈரம் இருக்கான்னு பாருங்க!

போன தீபாவளிக்கு அம்மாவுக்கு பனியன் கம்பெனியில் போனஸ் வந்தது. கவரைப் பிரிக்கும்போதே அதை எதற்குச் செலவு செய்வது என்று அம்மா முடிவு செய்துவிட்டார்.

"இந்த வருஷமாச்சும் பாத்ரூமை மாத்திப்புடணும் கண்ணு. சொந்தக்காரங்க வந்தா கதவைத் திறந்துவிடவே கூச்சமா இருக்குது."

கூச்சத்துக்குக் காரணம் இருந்தது. திருப்பூர் வீரபாண்டி பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இருபது வயது. பாத்ரூமில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ், அதற்கு மேலே பெயின்ட். டைல்ஸில் உப்புக்கறை படிந்து வெள்ளை எது, கறை எது என்றே தெரியாது. பெயின்ட்டோ அப்பளம் மாதிரி பொரிந்து, தினமும் கொஞ்சம் பக்கெட்டுக்குள் உதிரும்.

ரெண்டு பேரிடம் விலை கேட்டோம். டைல்ஸ் மேஸ்திரி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "பழசை உடைக்கணும், பைப்பைப் பார்க்கணும், வாட்டர் ப்ரூஃப் அடிக்கணும், அப்புறம்தானுங்க டைல்ஸ். பத்து நாளாகும்" என்று 38,000 ரூபாய் சொன்னார். பேனல் ஒட்டுபவர் வந்து டேப் பிடித்து அளந்தார். "ஒரே நாள் வேலைங்க. நாளைக்கு ஒட்டுனா நாளான்னிக்கு குளிக்கலாம்" என்று 14,000 சொன்னார்.

நாங்கள் எதைத் தேர்ந்தெடுத்திருப்போம் என்று சொல்லத் தேவையில்லை. ரீல்ஸில் 'பாத்ரூம் மேக்ஓவர்' வீடியோ பார்த்து, அம்மாவுக்கு லிங்க் அனுப்பியதே நான்தான்.

சொன்ன மாதிரியே ஒரே நாளில் முடிந்தது. பளபளவென்று மார்பிள் டிசைன். அம்மா பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். எல்லோருக்கும் சந்தோஷம்.

பிப்ரவரியில் ஒரு வாடை வர ஆரம்பித்தது. ஈரத்துணியை மூட்டை கட்டி மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவரை ஒட்டித்தான் அம்மிச்சியின் கட்டில். அந்தப் பக்கச் சுவரில் பெயின்ட் உப்பியது. அம்மிச்சிக்கு ராத்திரி இருமல் நிற்கவே இல்லை. "தூசிதான் சாமி, சரியாப் போயிரும்" என்றார். சரியாகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியையே திரும்பக் கூப்பிட்டோம். கீழ் ஓரத்தில் உளியைக் கொடுத்து ஒரு பேனலை நெம்பினார். பேனலோடு சேர்ந்து பூச்சும் கையோடு வந்தது. பின்னாடி சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை.

"பேனல் மேல தப்பு இல்லைங்க. ஈரத்து மேல ஒட்டுனதுதான் தப்பு" என்றார் மேஸ்திரி.

இருபது வருஷமாக செக்கிங் டேபிளில் நிற்கும் அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "ஓட்டை விழுந்த துணி மேல பிரிண்ட் போட்ட கதைதான்!"

'பேனலா, டைல்ஸா?' என்று கேட்பதற்கு முன்னால் நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அதைக் கேட்காமல் விட்டதால் 14,000 ரூபாயும் போய், அம்மிச்சியின் நாலு மாசத் தூக்கமும் போனது. உங்க வீட்டில் அப்படி ஆகக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

டைல்ஸ் ஒட்டினா தண்ணி இறங்காதா?

டைல்ஸ் ஒட்டிவிட்டால் சுவருக்குள் தண்ணீர் போகாது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். டைல்ஸின் மேல் பளபளப்பு தண்ணீரைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால், ஒரு டைல்ஸுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே இருக்கிற கோட்டில் நிரப்புவது பெரும்பாலும் சிமென்ட் க்ரவுட். அது தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். தினமும் நாலு பேர் குளிக்கிற வீட்டில் அந்தக் கோடுகள் வழியாக ஈரம் பின்னால் போய்க்கொண்டேதான் இருக்கும்.

அப்படிப் போகிற ஈரத்தைச் சுவருக்குள் விடாமல் நிறுத்துவது, டைல்ஸுக்குப் பின்னால் பூசப்படும் வாட்டர் ப்ரூஃப் கோட்டிங். வேலை முடிந்தபிறகு அது யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால்தான் பட்ஜெட் இடிக்கும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுதான். 2000-களில் கட்டிய பல வீடுகளில், எங்கள் வீட்டையும் சேர்த்து, அது பூசப்படவே இல்லை.

டைல்ஸிலும் வகை இருக்கிறது. சுவருக்கு வழக்கமாக வருகிற செராமிக் டைல்ஸின் உடம்பு, தன் எடையில் 10 சதவிகிதத்துக்கும் மேல் தண்ணீரை உறிஞ்சக்கூடியது. விட்ரிஃபைடு டைல்ஸ் உறிஞ்சுவது 0.5 சதவிகிதம் அல்லது அதற்கும் குறைவு. 'அப்போ விட்ரிஃபைடுதான் பெஸ்ட்' என்று அவசரப்பட வேண்டாம். தண்ணீரை உறிஞ்சாத அதே குணத்தால், வெறும் சிமென்ட் பாலில் அது சரியாகப் பிடிக்காது. டைல்ஸ் ஒட்டுவதற்கென்றே வருகிற அட்ஹெசிவ் வேண்டும். வாங்கும்போது பையில் ஐ.எஸ் 15477 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

பேனல்னா ஒண்ணே ஒண்ணு இல்லை

கடையில் 'பேனல்' என்று சொல்லிக் காட்டுவதில் மூணு வகை உண்டு.

முதலாவது, பி.வி.சி பேனல். பெரும்பாலும் 10 இன்ச் அகலம், 10 அடி நீளம். உள்ளே கூடு கூடாகக் காலியாக இருக்கும். ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்றைச் செருகி ஒட்டுவார்கள். சீலிங்குக்கு அடிப்பது இதுதான்.

ரெண்டாவது, பி.வி.சி மார்பிள் ஷீட். 8 அடிக்கு 4 அடி, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனம். பிளாஸ்டிக்கும் கல் பொடியும் சேர்த்துச் செய்தது. மேலே மார்பிள் டிசைன் பிரிண்ட், அதற்கு மேலே பளபளப்புக் கோட்டிங். எங்கள் வீட்டில் ஒட்டியது இதைத்தான்.

மூணாவது, டபிள்யூ.பி.சி. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது. ஹாலில் டி.வி-க்குப் பின்னால் வரி வரியாக ஒட்டுகிறார்களே, அது பெரும்பாலும் இந்த வகை. நேரடியாகத் தண்ணீர் படுகிற ஷவர் சுவருக்கு இதைத் தவிர்ப்பது நல்லது.

பேனலின் ப்ளஸ் பாயின்ட்டுகள் நிஜமானவை. பி.வி.சி தண்ணீரை உறிஞ்சாது. கரையான் அரிக்காது. கோடுகள் குறைவு, அதனால் கறை தங்குகிற இடமும் குறைவு. உடைக்கிற சத்தம் இல்லை, மண் மூட்டை இல்லை. ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் வீட்டில் பத்து நாள் பாத்ரூம் இல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும்.

மைனஸும் நிஜம். பி.வி.சி சுமார் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் இளக ஆரம்பித்துவிடும். கீசர் தண்ணீருக்கு அது தாங்கும். ஆனால், பாத்ரூமுக்குள்ளேயே விறகு பாய்லரோ வெந்நீர் அடுப்போ வைத்திருக்கும் வீட்டில் அந்தச் சுவருக்குப் பேனல் கூடவே கூடாது. தீப்பிடித்தால் பி.வி.சி-யிலிருந்து வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும், மூச்சுக்குழாயை அரிக்கிற வாயு அது. அதேபோல, ஒரு இடத்தில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியாது, முழு ஷீட்டையும் மாற்ற வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: தண்ணீரை உள்ளே விடாத பேனல், சுவருக்குள் ஏற்கெனவே இருக்கிற ஈரத்தை வெளியேயும் விடாது. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். முன்பு பெயின்ட் உதிர்ந்தாலும் அந்தச் சுவர் ஓரளவு காய்ந்துகொண்டிருந்தது. பேனல் ஒட்டியதும் ஒரு பக்கம் அடைபட்டது. ஈரம் அடுத்த பக்கமாக, அம்மிச்சியின் அறைக்குள் போக ஆரம்பித்தது.

ஜப்பானில் மட்டும் எப்படி?

'வெளிநாட்டில் எல்லாம் பேனல்தானே போடறாங்க?' என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி.

1964 டோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்காக ஹோட்டல் நியூ ஒட்டானி அவசர அவசரமாகக் கட்டப்பட்டது. ஆயிரத்துக்கும் மேல் அறைகள். ஒவ்வொரு பாத்ரூமிலும் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் போட்டியே முடிந்துபோயிருக்கும். டோட்டோ நிறுவனம் பாத்ரூமைத் தொழிற்சாலையில் தயாரித்து, கொண்டுவந்து உள்ளே பொருத்தியது. 'யூனிட் பாத்' என்று பெயர். இன்றைக்கு ஜப்பான் வீடுகளில் அது சர்வ சாதாரணம்.

ஆனால், அங்கே தரை, சுவர், சீலிங், தண்ணீர் போகும் வழி எல்லாமே ஒரே செட்டாக வருகிறது. ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் நின்று குளிப்பது மாதிரி. தண்ணீர் வீட்டுச் சுவரைத் தொடவே தொடாது. இங்கே நாம் செய்வது, ஈரச் சுவரில் ஷீட்டை மட்டும் பசை போட்டு ஒட்டுவது. தரை பழைய தரை, மூலை பழைய மூலை, பைப் பழைய பைப். பெயர்தான் ரெண்டுக்கும் பேனல்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மேற்கு நாடுகளில் பல வீடுகளின் உள்சுவர் மரச்சட்டமும் ஜிப்சம் போர்டும்தான். அதன்மேல் டைல்ஸ் ஒட்ட வேண்டுமென்றால் தனியாக சிமென்ட் போர்டு அடிக்க வேண்டும். அங்கே பேனல் சுலபம். நம்முடையது செங்கல் அல்லது ஹாலோ பிளாக் சுவர், மேலே சிமென்ட் பூச்சு. டைல்ஸ் பிடிப்பதற்கு ஏற்ற சுவர்தான். அதனால், அந்த ஊர் வீடியோவில் சொல்கிற காரணங்கள் அப்படியே நம் வீட்டுக்குப் பொருந்தாது.

நம்ம ஊர் தண்ணி செய்யற வேலை

திருப்பூரில் இந்த முடிவை எடுக்கும்போது இன்னொரு விஷயத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அது உப்பு.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி, தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை போகலாம். கரைந்திருக்கும் மொத்த உப்பு, அதாவது டி.டி.எஸ் 500, அதிகபட்சம் 2,000. உங்க வீட்டு போர் தண்ணீரை ஒரு தடவை டெஸ்ட் செய்து பாருங்கள். இந்தப் பகுதியில் பலருக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போடும்.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். பருத்தித் துணியில் சாயம் ஏற, உப்பு நிறைய வேண்டும். பல வருஷங்களாக அந்தச் சாயக்கழிவு நொய்யலில் கலந்து, நிலத்தடி நீருக்கும் போனது. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயத் தண்ணீர் தேங்கும் இடமாகிப்போனது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பிறகு நிலைமை மாறினாலும், மண்ணுக்குள் போன உப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. பவானி ஆற்றிலிருந்து குழாயில் வரும் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீரைப் பயன்படுத்துகிற வீடுகள் நிறைய.

இந்த உப்பு பாத்ரூமில் ரெண்டு வேலை செய்கிறது.

ஒன்று, வெளியே. தண்ணீர் காய்ந்ததும் கால்சியமும் மெக்னீசியமும் வெள்ளைப் படலமாகப் படியும். டைல்ஸ், பேனல், குழாய் எதையும் விடாது. கறுப்பு, அடர் நீலம் மாதிரி நிறங்களில் அது பளிச்சென்று தெரியும். ரீல்ஸில் பார்த்த கறுப்பு பாத்ரூம் மேல் ஆசைப்பட்டால், தினமும் துடைக்கத் தயாராக இருங்கள். வெளிர் நிறம்தான் நம்ம ஊர்த் தண்ணீருக்கு ஒத்துவரும்.

ரெண்டாவது வேலை உள்ளே நடக்கிறது, ஆபத்தானதும் இதுதான். உப்புத் தண்ணீர் சுவருக்குள் இறங்கி, ஈரம் காயும்போது உப்பு மட்டும் கட்டியாகத் தங்கும். அந்தக் கட்டி விரியும்போது பூச்சை உள்ளிருந்து தள்ளும். 'சுவர் பொரியுது', 'உப்பு பூக்குது' என்று சொல்கிறோமே, அதுதான் இது. வீடு கட்டும்போதே உப்புத் தண்ணீரில் கலவை போட்டு, அதே தண்ணீரை அடித்து நனைத்திருந்தால், உப்பு முதல் நாளே சுவருக்குள் உட்கார்ந்துவிடும். இப்படிப் பொரிகிற பூச்சின் மேல் பேனல் ஒட்டினால், பசை பிடித்துக்கொண்டிருப்பது உதிர்கிற மண்ணைத்தான். டைல்ஸ் ஒட்டினாலும் அதே கதிதான்.

செலவு செய்யும் முன்னாடி நாலு டெஸ்ட்

இதற்கு இன்ஜினீயர் வேண்டாம். நீங்களே செய்யலாம்.

தட்டிப் பாருங்கள்: ஒரு ரூபாய் நாணயத்தால் சுவரையும் பழைய டைல்ஸையும் தட்டுங்கள். 'டக் டக்' என்று இறுக்கமான சத்தம் வந்தால் சரி. 'டொப் டொப்' என்று காலி டப்பா சத்தம் வந்தால் அந்த இடம் பிடிப்பு விட்டுவிட்டது.

பாலித்தீன் டெஸ்ட்: பீஸ் பேக் பண்ணும் பாலித்தீன் கவர் திருப்பூரில் கிடைக்காத வீடு உண்டா? ஒண்ணரை அடி சதுரத்துக்கு வெட்டி, பாத்ரூம் சுவருக்குப் பின்பக்கம், அதாவது அறைப் பக்கம், நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். ரெண்டு நாள் கழித்துப் பாருங்கள். கவரின் உள்பக்கம், சுவரைத் தொடும் பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள் இருந்து வருகிறது. அறையைப் பார்த்த வெளிப்பக்கத்தில் மட்டும் இருந்தால் அது காற்றில் இருக்கிற ஈரம்.

லீவு விட்டுப் பாருங்கள்: ஊருக்குப் போகிற நாலைந்து நாள் பாத்ரூமைப் பயன்படுத்தாமல் விடுங்கள். சுவர் காய்ந்தால் குளிக்கிற தண்ணீர்தான் கோடுகள் வழியாக இறங்குகிறது. காயவில்லை என்றால் சுவருக்குள் போகிற பைப் கசிகிறது, அல்லது தரையிலிருந்து ஓதம் ஏறுகிறது.

டேங்க் டெஸ்ட்: ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மாடி டேங்க்கில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் குறைந்திருந்தால் எங்கேயோ கசிவு. ப்ளம்பரிடம் சொல்லி பைப்புக்கு பிரஷர் டெஸ்ட் போடச் சொல்லுங்கள்.

இந்த நாலில் எங்கள் வீடு மூணில் ஃபெயில். ஷவருக்குப் போகிற பைப்பில், எல்போ சேருகிற இடத்தில் கசிவு. பேனல் ஒட்டுவதற்கு முன்னாலேயே அது இருந்திருக்கிறது.

யாருக்கு எது?

சுவர் காய்ந்திருக்கிறது, பூச்சு இறுக்கமாக இருக்கிறது என்று தெரிந்தபிறகுதான் பேனலா, டைல்ஸா என்ற கேள்விக்கே வரலாம்.

சொந்த வீடு, இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் இருக்கப் போகிறீர்கள், பழைய சுவர் ஈரம் பிடித்தது: யோசிக்காமல் டைல்ஸ். உடைப்பது தொந்தரவுதான். ஆனால், உடைத்தால்தான் பைப்பை மாற்றவும், வாட்டர் ப்ரூஃப் அடிக்கவும் வழி கிடைக்கும்.

பழைய டைல்ஸ் தட்டினால் இறுக்கமாக இருக்கிறது, கசிவு இல்லை, பார்க்க மட்டும் நன்றாக இல்லை: இங்கே பேனல் தாராளமாகப் போடலாம். அல்லது அட்ஹெசிவ் போட்டு டைல்ஸ் மேலேயே டைல்ஸ் ஒட்டலாம். இப்படிச் செய்தால் குழாய் முனைகள் வெளியே நீண்டிருக்குமா, கதவு இடிக்குமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்ஜெட் பாதிதான் இருக்கிறது: ஷவர் தண்ணீர் நேராக அடிக்கிற ரெண்டு சுவருக்கு மட்டும் வாட்டர் ப்ரூஃபும் டைல்ஸும். தண்ணீர் படாத மத்த சுவருக்கும் சீலிங்குக்கும் பேனல். நடைமுறையில் நல்ல சமரசம் இது.

வாடகை வீடு: லைன் வீட்டில் இருக்கும் நண்பர்கள் நிறையப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். பேனல் ஒட்டினால் காலி பண்ணும்போது கழற்றிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். ஷீட்டைப் பிரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும், அந்தச் செலவு உங்க அட்வான்ஸில்தான் கழியும். வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் ஆணி அடிப்பதோ பசை போடுவதோ வேண்டாம். சுவரில் கசிவு இருந்தால் உங்க காசைப் போட்டு மறைக்கவும் வேண்டாம். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கட்டட ரிப்பேரும் தேவைப்படும்போது பைப் மாற்றுவதும் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர் மாற்றுவது மாதிரி சின்ன வேலைகள் உங்க பொறுப்பு. கசிவை போட்டோ எடுத்து, தேதியோடு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். சண்டை போடத் தேவையில்லை. "அண்ணா, உங்க சுவர்தானுங்க வீணாப் போகுது" என்று சொன்னால் பலருக்கும் புரியும்.

வீட்டில் வயசானவர்கள் இருக்கிறார்கள்: சுவருக்கு எதைப் போட்டாலும் தரைக்குப் பளபளப்பு வேண்டாம். சொரசொரப்பான ஆன்ட்டி ஸ்கிட் டைல்ஸ்தான். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வைப்பதாக இருந்தால், அது கூடு விழுந்த பேனலில் நிற்காது. திருகு பின்னால் இருக்கிற சுவரில் ஆழமாக இறங்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்க

4 அடிக்கு 6 அடி பாத்ரூமை எடுத்துக்கொள்வோம். நாலு பக்கமும் சேர்த்து 20 அடி. 7 அடி உயரத்துக்கு என்றால் 140 சதுர அடி. கதவைக் கழித்தால் சுமார் 124.

டைல்ஸ் என்றால் வெட்டுச் சேதாரம் 10 சதவிகிதம் சேர்த்து ஏறக்குறைய 136 சதுர அடி வாங்க வேண்டும். மார்பிள் ஷீட் என்றால் 20 அடிக்கு 5 ஷீட், அதாவது 160 சதுர அடி. 10 இன்ச் பேனல் என்றால் கதவு போக 21 பீஸ். ஒவ்வொன்றும் 10 அடி நீளம் என்பதால் 175 சதுர அடிக்குக் காசு கொடுப்பீர்கள். 7 அடியில் வெட்டியபிறகு மிஞ்சும் 3 அடித் துண்டுகளில் பெரும்பாலும் வீண்தான். 'சதுர அடி இவ்வளவு' என்று கடையில் சொல்லும்போது, அது சுவரின் சதுர அடியா, வாங்குகிற சரக்கின் சதுர அடியா என்று கேளுங்கள்.

டைல்ஸுக்கு விலை கேட்கும்போது உடைப்பது, மண் அள்ளுவது, பைப், வாட்டர் ப்ரூஃப், அட்ஹெசிவ், க்ரவுட், கூலி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ரெண்டு பேரின் ரேட்டில் பெரிய வித்தியாசம் இருந்தால், குறைவான சீட்டில் பெரும்பாலும் வாட்டர் ப்ரூஃப் வரி இருக்காது. டைல்ஸே பெரும்பாலும் குஜராத்தின் மோர்பியிலிருந்துதான் வருகிறது. கடைக்குக் கடை மாறுகிற டிசைனைவிட, வேலையில் எது விடுபட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம்.

வேலை நடக்கும்போது பக்கத்துல நில்லுங்க

வாட்டர் ப்ரூஃப் கோட்டிங் தரை முழுக்கவும், ஷவர் பக்கச் சுவரில் தலை உயரத்துக்கு மேலேயும் வர வேண்டும். தரையும் சுவரும் சேருகிற மூலையில் வலைத்துணி வைத்துப் பூசச் சொல்லுங்கள். வெடிப்பு முதலில் வருவது அங்கேதான். ரெண்டு கோட்டிங், முதலாவது காய்ந்தபிறகு ரெண்டாவது.

அது காய்ந்தபிறகு தண்ணீர் போகும் வழியை அடைத்துவிட்டு, தரையில் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். மட்டம் வேகமாகக் குறைகிறதா, வெளிச்சுவரிலோ கீழ் வீட்டு சீலிங்கிலோ ஈரம் தெரிகிறதா என்று பார்த்தபிறகுதான் டைல்ஸ். 'எதுக்குங்க வீணா ஒரு நாள்?' என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

க்ரவுட்டுக்கு முடிந்தால் எபாக்ஸி. விலை கூடத்தான், ஆனால் தண்ணீர் உறிஞ்சாது, கறையும் ஏறாது. அது இறுகுவதற்குள் டைல்ஸ் மேலிருந்து துடைத்தெடுக்க வேண்டும். அதனால் எபாக்ஸி போட்டுப் பழகியவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேனல் என்றால் எல்லா மூலைக்கும், குழாய் ஓட்டையைச் சுற்றியும் பூஞ்சை பிடிக்காத சிலிக்கான் போட வேண்டும். சில வருஷத்துக்கு ஒருமுறை அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று அவசியம். குளித்தபிறகு கால் மணி நேரமாவது ஓடட்டும்.

ஆசிட்டைத் தூரப் போடுங்க

உப்புக்கறைக்கு நம்ம ஊரில் தெரிந்த ஒரே மருந்து ஆசிட். ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கறை போகும், உண்மைதான். கூடவே சிமென்ட் க்ரவுட்டும் கரைந்துபோகும். மாதாமாதம் ஆசிட் ஊற்றுவது, மாதாமாதம் சுவருக்குள் தண்ணீர் போக வழி வெட்டுவது மாதிரி. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைக் கலந்துவிடவே கூடாது. குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் உயிருக்கே ஆபத்து.

இதைவிடச் சுலபமான வழி, கறை படியவே விடாமல் இருப்பது. குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் சுவரை மேலிருந்து கீழே ஒரு இழு. ஒரு நிமிஷ வேலை. தண்ணீர் சுவரிலேயே காயாவிட்டால் உப்பும் படியாது. பேனலை ஸ்டீல் நாரால் தேய்க்காதீர்கள், மேல் கோட்டிங் கீறிவிடும்.

ஈரச்சுவரை வெறும் அழகுப் பிரச்னையாக நினைக்க வேண்டாம். வீட்டுக்குள் ஓதமும் பூஞ்சையும் இருந்தால் இருமல், இழுப்பு, ஆஸ்துமா தொந்தரவுகள் கூடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே சொல்லியிருக்கிறது. அந்தச் சுவரை ஒட்டி யார் படுக்கிறார்கள் என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் பேனல் முழுவதையும் பிரித்தோம். பைப்பை மாற்றினோம். உப்பு பூத்த பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்துவிட்டு, கோடை வெயிலில் ஒரு மாசத்துக்கு மேல் காயவிட்டோம். அதுவரை பக்கத்து வீட்டு பாத்ரூம்தான். அப்புறம் புதுப் பூச்சு, வாட்டர் ப்ரூஃப், தண்ணீர் கட்டும் டெஸ்ட், வெளிர் கிரே டைல்ஸ். முதலில் மேஸ்திரி சொன்ன 38,000, இப்போது 41,000 ஆகியிருந்தது. அம்மா அடுத்த தீபாவளி போனஸை நம்பி நகைக்கடனில் கொஞ்சம் வாங்கினார். நான் என் பங்குக்கு லிங்க் அனுப்புவதை நிறுத்திவிட்டேன்.

அம்மிச்சியின் கட்டிலை இன்னும் பழைய இடத்துக்கு மாற்றவில்லை. "இந்த மழைக்காலம் போகட்டும் கண்ணு. சுவர் காய்ஞ்சே இருந்தா அப்புறம் மாத்திக்கலாம்" என்றார் அம்மா. ஐப்பசி மழைக்கு அப்புறம் பாலித்தீன் கவரை இன்னொரு தடவை ஒட்டிப் பார்க்கப் போகிறோம்.